வெள்ளையா, பழுப்பா, நீலமா? பழந்துப்பாக்கிகளின் உலோக நிறம் பற்றிய ஒரு திறனாய்வு

வெளுத்ததெல்லாம் பால் என்றும் கருத்ததெல்லாம் தண்ணீர் என்றும் நம்பிவிடுகிறவர்களைக் குறித்துத் தமிழில் ஒரு பழைய வழக்கு உண்டு. பழங்காலப் படைத் துப்பாக்கிகளைப் படமாக வரைவோரும், மேடையில் காட்டுவோரும், அரும்பொருட் காட்சிச்சாலைகளில் துடைத்து வைப்போரும், விலைக்கு விற்போரும் பெரும்பாலும் அவ்வழக்குக்கு எடுத்துக்காட்டாகவே விளங்குகின்றனர். இவருள் ஒருசாரார், படைவீரன் தோளில் இருந்த துப்பாக்கி என்றால் அது கண்ணாடிபோல் ஒளிர்ந்திருக்க வேண்டும் என்பர். மற்றொருசாரார், பழையது என்றாலே பழுப்பு நிறம்தான் என்பர். முன்னவர் கையில் அகப்பட்ட துப்பாக்கி தேய்ந்து மின்னுகிறது. பின்னவர் கையில் அகப்பட்டதோ புதுச் சாயம் ஏற்றுக்கொண்டு பழமை நடிக்கிறது. இருவரும் தாம் செய்தது திருத்தம் என்றே எண்ணுகின்றனர். இருவரும் செய்தது அழிப்பு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஒன்றின் இரும்பு, அது பட்டறையை விட்டுப் புறப்பட்ட நாளில் எந்நிறத்தில் இருந்தது? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆவணம், பொருள், படம் என்னும் மூவகைச் சான்றுகளும் எவ்வாறு உண்மை கூறுகின்றன, எவ்வாறு பொய் கூறுகின்றன என்பதைக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் அரிது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் ஏடு பார்த்துப் பாடம் தேரும் தமிழாசிரியர்க்கும் இது பயன்படும்.

பெயரால் வந்த மயக்கம்

முதற்கண் துப்பாக்கியின் உறுப்புகளைப் பிரித்தறிதல் நலம். குண்டு வெளிப்படும் நீண்ட இரும்புக் குழல் ஒன்று. அதன் வலப்புறம், மருந்தைப் பற்றவைக்கும் பொறி ஒன்று. இவ்விரண்டையும் தாங்கும் மரக்கட்டை ஒன்று. குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பூண்கள், விசைக்காப்பு, அடித்தகடு முதலிய சிற்றுறுப்புகள் பல. இவை சிலவற்றில் பித்தளையாகவும் சிலவற்றில் இரும்பாகவும் இருக்கும். ஒரே துப்பாக்கியில் குழலுக்கு ஒரு நிறம், பொறிக்கு ஒரு நிறம், பூணுக்கு ஒரு நிறம் அமைவதுண்டு. ஆகவே, "இத்துப்பாக்கியின் நிறம் யாது?" என்று பொதுப்படக் கேட்பதே பிழையான வினாவாகும்.

ஆங்கிலேயக் காலாட்படை 1720-களிலிருந்து நூறாண்டுக்கு மேலாகக் கையாண்ட சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி 'பிரவுன் பெஸ்' என்னும் செல்லப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 'பிரவுன்' என்பது பழுப்பு. பெயரில் பழுப்பு இருப்பதால் குழலும் பழுப்பாகவே இருந்திருக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். படம் வரைவோர் அம்முடிவைத் தூரிகையில் தோய்த்துக்கொண்டனர்.

காலத்தை வைத்து நோக்கினால் இம்முடிவு நில்லாது. அப்பெயர் 1771-இலேயே அமெரிக்கக் குடியேற்ற நாட்டுச் செய்தித்தாள் ஒன்றில் அச்சேறியுள்ளது. பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலும் அது இடம்பெற்றது. ஆங்கிலேயக் காலாட்படையின் பொதுத் துப்பாக்கிகளுக்குப் பழுப்பேற்ற ஆணை பிறந்ததோ 1815-இல்தான். பெயர் தோன்றிய நாளில் வரிசைக் காலாள் ஏந்திய குழல் வெள்ளை இரும்பாகவே ஒளிர்ந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே அதன் நிறத்தைக் கண்டு பெயரிட்டதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? பெயர்க்காரணம் வால்நட் மரக்கட்டையின் நிறமாக இருக்கலாம் என்பர் சிலர். துப்பாக்கியைக் குறிக்கும் செருமானியச் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்தது ஒன்றே: குழலின் பழுப்பு அப்பெயருக்குக் காரணமன்று.

வெள்ளை மெருகும் அதன் விலையும்

இத்துப்பாக்கிக் குடும்பத்தில் நம் வாசகர்க்கு நெருங்கிய உறவுடையது 'இந்திய மாதிரி' எனப்படுவது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கென எளிய முறையில், 39 அங்குலக் குழலுடன் செய்வித்த மாதிரி அது. பிரான்சுடன் போர் மூண்டு ஆயுதப் பஞ்சம் நேர்ந்தபோது, ஆங்கிலேய அரசு கம்பெனியின் துப்பாக்கிகளை வாங்கியதோடு 1797-இல் அம்மாதிரியையே தனதாகவும் ஏற்றுக்கொண்டது. நெப்போலியனை எதிர்த்த போர்களில் ஆங்கிலக் காலாள் ஏந்தியதும் பெரும்பாலும் அதுவே. மதராஸ் சிப்பாய்கள் மலாக்காவுக்கு அருகே 1831–32-இல் நடந்த நானிங் போருக்கு வந்தபோது சுமந்து வந்தவையும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளே.

நெப்போலியப் போர்க்கால இந்திய மாதிரியின் குழலும் பொறியும் வெள்ளை மெருகு உடையவை. வெள்ளை மெருகு என்பது வெள்ளி முலாமன்று, பூச்சும் அன்று. தேனிரும்பை அரத்தாலும் குருந்தத் தூளாலும் தேய்த்து, எப்பூச்சும் இன்றி அப்படியே விடுவதாகும். அணிவகுப்பில் ஆயிரம் குழல்கள் ஒருசேர ஒளிர்வது தளபதிகளின் கண்ணுக்கு விருந்து. துரு ஒரு புள்ளி விழுந்தாலும் உடனே தெரிந்துவிடுமாதலால், வீரன் ஆயுதத்தைப் பேணுகிறானா என்று அறிவதும் எளிது.

அவ்வொளிக்கு விலையும் உண்டு. காப்பில்லாத இரும்பு ஒரு மழையிரவில் துருவேறும். காலையில் வீரன் செங்கல் தூளும் எண்ணெயும் கொண்டு தேய்ப்பான். மறுநாளும் தேய்ப்பான். ஆண்டுகள் பல கழியும்போது குழலின் சுவர் மெலியும், முத்திரைகள் மழுங்கும், விளிம்புகள் உருளும். பகைவன் தொலைவிலிருந்தே வெயிலில் மின்னும் வரிசையைக் கண்டுகொள்வான் என்பது இன்னொரு குறை. வரிசையாக நின்று நூறு கஜத்திற்குள் ஒருசேரச் சுடும் போர்முறையில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. மறைந்து நின்று குறிபார்த்துச் சுடும் படை தோன்றியபோதுதான் அது குறையாயிற்று.

ஆதலின் 1800-இல் ஆங்கிலேயப் படை ஏற்ற பேக்கர் ரைபிள், குழல் பழுப்பேற்றப்பட்டே வந்தது. அதை ஏந்தியோர் பச்சை உடை அணிந்து, புதருக்கும் பாறைக்கும் பின்னின்று சுட்டவர். அவர் உடையின் நிறத்திற்கும் குழலின் நிறத்திற்கும் காரணம் ஒன்றே. பின்னர் 1815-இல் பொதுத் துப்பாக்கிக்கும் அவ்வாணை வந்தது. வாட்டர்லூப் போர் நடந்ததும் அதே ஆண்டு சூன் 18-ஆம் நாள். ஆகவே அப்போரைச் சித்திரிப்பவர் சிவப்புடைக் காலாளின் கையில் வெள்ளைக் குழலையும், பச்சையுடை ரைபிள் வீரனின் கையில் பழுப்புக் குழலையும் தர வேண்டும். எல்லார்க்கும் ஒரே பழுப்பைப் பூசும் ஓவியர், இரு போர்முறைகள் ஒரே களத்தில் நின்ற வரலாற்றையே அழித்துவிடுகிறார்.

பழுப்பேற்றும் தொழில்

பழுப்பு என்பது சாயமன்று, அடக்கி வளர்க்கப்பட்ட துருவாகும். பகையையே காவலனாக்கிக் கொள்ளும் உத்தி இது. தொழிலாளி முதலில் குழலைச் சுண்ணாம்பு கொண்டு தேய்த்து எண்ணெய்ப் பசையை நீக்குவான். விரல் பட்ட இடத்தில் மருந்து பிடிக்காதாதலால் அதன்பின் வெறுங்கையால் தொடமாட்டான். பின்னர் நைட்டிரிக் அமிலம், மயில்துத்தம், சவ்வீரம், இரும்புச் சத்துக் கலந்த சாராயம் முதலியவை நீரில் சேர்ந்த கரைசலைப் பஞ்சினால் மெல்லப் பூசி, ஈரக்காற்றுள்ள அறையில் ஒருநாள் வைப்பான். மெல்லிய துரு பூக்கும். அதைக் கம்பித் தூரிகையால் உரசி, உதிர்வதை உதிர்த்து, ஒட்டியதை விடுவான். மீண்டும் பூச்சு, மீண்டும் துரு, மீண்டும் உரசல். பல நாள் இவ்வாறு செய்த பின் கொதிநீர் ஊற்றி அமிலத்தின் வேகத்தைத் தணித்து, எண்ணெயோ மெழுகோ அவலரக்கு வார்னிஷோ பூசி முடிப்பான்.

இம்முறையில் விளையும் பழுப்பு, நுண்மணல்போல் ஒருசீரானது, இறுகியது. கவனிப்பாரின்றிக் கிடந்த இரும்பில் தானே ஏறும் துருவோ ஒழுங்கற்றது. ஓரிடத்தில் குழிக்கும், ஓரிடத்தில் விட்டுவைக்கும். பிற்காலத்தார் பலர் இவ்விரண்டையும் பிரித்தறியாது, நூறாண்டு பரணில் கிடந்து பழுத்த வெள்ளைக் குழலைக் காட்டி, "இதோ பழைய பழுப்பு மெருகு" என்று மகிழ்வர். முதுமையில் நரைத்த முடியைக் கண்டு, இவர் பிறக்கும்போதே வெண்முடியர் என்று கூறுவதை இது ஒக்கும்.

நீலமும் மேகவண்ணமும்

துரு பூத்த குழலை ஒவ்வொரு முறையும் உரசுமுன் நன்கு கொதிக்கும் நீரில் இட்டால், செந்துரு கருந்துருவாக மாறும். வேதியியலார் இதனைக் காந்த இரும்பாக்சைடு என்பர். அதன் நிறம் கருநீலம். தொழில் ஏறக்குறைய ஒன்றே. கொதிநீரின் இடம் மாறியதால் நிறம் மாறிற்று. மெருகிட்ட சிற்றுறுப்புகளைக் கரியடுப்பில் சூடேற்றியும் நீலம் பெறலாம். சுமார் 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 280-இல் ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் தோன்றும். திருகாணிகளும் குறிபார்க்கும் சிற்றுறுப்புகளும் இம்முறையால் அழகுபெற்றன.

பொறியின் தகட்டுக்கும் சுத்தியலுக்கும் வேண்டியது அழகைவிட உறுதி. அவற்றை எலும்புக்கரி, தோல்கரி ஆகியவற்றுடன் இரும்புப் பெட்டியில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, செந்தணலாகக் காய்ச்சி, நீரில் கொட்டுவர். தேனிரும்பின் மேற்பரப்பு கரியை உண்டு எஃகாகும். உள்ளே மென்மை, வெளியே கடினம். அம்முயற்சியில் நீலம், சாம்பல், வைக்கோல் ஆகிய நிறங்கள் மேகம்போல் கலந்து படரும். இவ்வண்ணம் மிக மெல்லியது. வெயிலும் கைத்தேய்வும் சில ஆண்டுகளில் அதைச் சாம்பலாக்கிவிடும். இன்று காணும் பழம்பொறிகளிற் பல சாம்பல் நிறமாகவே இருத்தலின், தொடக்கத்திலும் அவை சாம்பல்தான் என்று பலர் மயங்கினர்.

என்ஃபீல்டு வழக்கு

இதுகாறும் கூறியவற்றை ஒரு வழக்கில் வைத்துச் சோதிக்கலாம். 1853-இல் ஆங்கிலேயப் படை ஏற்ற என்ஃபீல்டு ரைபிள் 0.577 அங்குலத் துளையும் 39 அங்குலக் குழலும் உடையது. அதன் குழல் எந்நிறம்?

ஆவணத்தைக் கேட்டால், "பழுப்பேற்றப்பட்டது" என்கிறது. ஆங்கிலேய ஆயுதத் துறையினர் இத்தொழிலைப் 'பிரவுனிங்' என்றே எழுதினர். பொருளைக் கேட்டால், இன்று எஞ்சிய பல என்ஃபீல்டுகள் பழுப்பாகவே காட்சி தருகின்றன. இருவர் சாட்சி ஒத்துவிட்டது. தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றும். மூன்றாம் சாட்சியாகிய புகைப்படத்தைக் கேட்டாலோ, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் படங்கள் சிலவற்றில் என்ஃபீல்டுக் குழல் வெள்ளையாக மின்னுகிறது!

உண்மையில் அக்குழல் பட்டறையிலிருந்து வந்தபோது கருநீலம். மூன்று சாட்சிகளும் மூவகையில் வழி மாற்றிவிட்டன.

ஆவணம் பொய் சொல்லவில்லை. சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. கொதிநீர் முறையால் குழல் கருநீலமாக வந்த பின்னும், தொழிலின் பழம்பெயர் மாறவில்லை. 20-ஆம் நூற்றாண்டில்கூட ஆங்கிலேயப் படையின் ஆயுதக் கம்மியர் கருநிறமேற்றுவதைப் 'பிரவுனிங்' என்றே வழங்கினர். எள்ளின் நெய்க்கு ஏற்பட்ட எண்ணெய் என்னும் பெயர் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் சென்றதை அறிந்த தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று. அகராதிப் பொருளை மட்டும் கொண்டு ஆவணத்தைப் படித்தவரே ஏமாந்தார்.

பொருளும் பொய் சொல்லவில்லை. மெல்லிய கருநீலப் படலம் தேய்ந்த இடத்தில் இயற்கைத் துரு ஏறிப் பழுப்பாயிற்று. குழலைக் கழற்றி, பூண்கள் மூடியிருந்த இடத்தையும் மரத்துக்குள் புதைந்திருந்த பகுதியையும் நோக்கினால், வெயிலும் கையும் படாத அங்கே பழைய கருநீலம் பலவற்றில் இன்னும் தங்கியிருக்கும். மேற்பரப்பு கூறுவது முதுமையின் கதை. மறைவிடம் கூறுவதே பிறப்பின் கதை.

புகைப்படமோ கண்ணிருந்தும் நிறமறியாத சாட்சி. 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறைத் தகடுகள் நீல ஒளியை மட்டும் விரைந்து உணர்வன. சிவப்பையும் பழுப்பையும் உணரமாட்டா. ஆகவே நீலம் வெளுத்தும் பழுப்பு கறுத்தும் படத்தில் விழும். வானொளியை எதிரொளிக்கும் கருநீலக் குழல் வெள்ளிபோல் தோன்றுவது அதனாலேயே. தகரத் தகட்டில் நேராகப் பதிந்த படங்களில் வலம் இடமாகவும் மாறியிருக்கும். வலப்பக்கத்துப் பொறி இடப்பக்கத்தில் தோன்றுவது கண்டு, 'இடக்கை வீரனுக்கென்று செய்த துப்பாக்கி' என்று கதை கட்டியவரும் உண்டு.

இதனால் ஆவணம் வேண்டாம், படம் வேண்டாம் என்பது பொருளன்று. ஒவ்வொரு சாட்சியும் எக்குறையால் பிழைபடும் என்று அறிந்த பின்னரே அதன் சொல்லை ஏற்றல் வேண்டும். பல சுவடிகள் ஒரே பாடத்தைத் தந்தாலும், அவை அனைத்தும் ஒரே பிழையேட்டிலிருந்து படியெடுத்தனவா என்று ஆராயும் பதிப்பாசிரியரின் நெறியே இங்கும் வேண்டப்படுவது.

அட்லாண்டிக்கின் அக்கரையில்

வெள்ளையிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து நீலத்துக்கும் படைகள் படிப்படியாக முன்னேறின என்று ஒரு நேர்கோடு வரைவதும் தவறு. அமெரிக்காவின் வரலாறு அக்கோட்டை வளைக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆகிய அரசுப் பட்டறைகளில் செய்த 1816 மாதிரித் துப்பாக்கி முதலில் வெள்ளையாக வந்தது. 1820-களில் பழுப்பேற்றப்பட்டது. 1831-ஐ ஒட்டி மீண்டும் வெள்ளைக்கே திரும்பியது. கேப்பு வைத்துச் சுடும் 1842 மாதிரியும், உள்நாட்டுப் போரின் பெருந்துப்பாக்கியாகிய 1861 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளும் வெள்ளை மெருகே. அதே அரசு 1841-இல் ஏற்ற 'மிசிசிப்பி' ரைபிளுக்கோ பழுப்புக் குழலும் பித்தளை உறுப்புகளும். பொதுக் காலாட்படைத் துப்பாக்கிக்கு நீலத்தை அவர்கள் ஏற்றது 1873 மாதிரியோடுதான்.

உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரும் இங்கிலாந்திலிருந்து என்ஃபீல்டுகளை இலட்சக்கணக்கில் தருவித்தனர். வெள்ளைக் குழலுக்குப் பழகிய வடபகுதிப் படைப்பிரிவுகள் சிலவற்றில், வந்த கருநீலத்தை வீரர்களே தேய்த்து வெள்ளையாக்கினர். அந்நிலையில், 'வரலாற்றுக்கு உகந்த நிறம்' எது? பிர்மிங்காம் பட்டறையில் இருந்த கருநீலமா? களத்தில் வீரன் தேய்த்த வெள்ளையா? இரண்டும் உண்மையே. வினாவுக்கு முன்னால் ஆண்டும் இடமும் படையும் சேர்க்கப்பட்டாலன்றி விடை இல்லை. இவ்வாறே 1825-இல் பழுப்போடு பிறந்த ஒரு சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, பின்னாளில் கேப்புப் பொறிக்கு மாற்றப்பட்டபோது மீண்டும் மெருகிடப்பட்டிருக்கலாம். பொறி ஒரு காலத்தது, நிறம் மற்றொரு காலத்தது என்று காட்சிக்கு வைப்பவர், மூலத்தின் ஒரு வரியையும் உரையின் ஒரு வரியையும் ஒட்டிப் புதுநூல் செய்தவராவார்.

திருத்துவதாகக் கெடுப்பது

இன்று செய்யப்படும் பெருந்தீங்கு இரண்டு. ஒன்று, பழையதைச் சுரண்டி வெளுப்பது. மற்றொன்று, புதிய முறையால் கறுப்பாக்குவது. காஸ்டிக் சோடாவும் நைட்டிரேட் உப்பும் கலந்து சுமார் 140 பாகை செல்சியசில் கொதிக்கும் தொட்டியில் இட்டால், சில நிமிடங்களில் ஆழ்ந்த ஒருசீர்க் கருமை ஏறும். இது 20-ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலை முறை. 1853-இன் குழலில் இக்கருமையைக் காண்பது, சங்கச் செய்யுளின் நடுவே தந்தி அலுவலகச் சொல்லைக் காண்பது போன்றது. கடையில் விற்கும் குளிர்நீலக் கரைசலும் அத்தகையதே.

மோசடியை அறிய வழி உண்டு. துருக்குழிகளின் அடிவரை புதுநிறம் ஒருசீராகப் பாய்ந்திருந்தால், குழி விழுந்த பின்னரே நிறம் ஏறியது என்பது தெளிவு. முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருக்க, மழுங்கலின் மேலும் நிறம் குறையாதிருந்தால், தேய்ப்பு முன்னது, நிறம் பின்னது. பூணுக்கு அடியிலும் வெளியிலும் நிறம் வேறுபாடின்றி இருந்தால், நூற்றைம்பதாண்டுக் காற்றும் வெயிலும் எங்கே போயின என்று கேட்க வேண்டும். வெள்ளை மெருகுக் குழல் எனில், விளிம்புகள் கூர்மையாகவும் சமதளங்கள் சமமாகவும் உள்ளனவா என்று நோக்க வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் அவ்வொளி பிற்காலத் தேய்ப்பின் ஒளியாக இருத்தல் கூடும்.

சுரண்டியவர் சில வேளைகளில் சரியான நிறத்தையே அடைந்திருப்பார். 1861 ஸ்பிரிங்ஃபீல்டை வெளுத்தவர் நிறத்தளவில் பிழைத்தவரல்லர் என்று வாதிடலாம். ஆயினும் அத்துப்பாக்கி தன் வாயால் சொல்லக்கூடிய யாவும் அத்தூளோடு உதிர்ந்துவிட்டன. அது வெள்ளையாக இருந்ததற்கு இனி அது சான்றன்று. சுரண்டியவரின் கருத்துக்கு மட்டுமே அது சான்று. நூல் சிதைந்தபோது ஊகித்து எழுதிய அடியை மூல ஏட்டின் மேலேயே எழுதி, அடியிலிருந்ததை அழித்தவரை எவரும் பதிப்பாசிரியர் என்று போற்றார். ஊகம் சரியாகவே இருக்கட்டும். அதை இனி எவரும் சோதிக்க முடியாதபடி செய்ததே குற்றம்.

பழைய தோற்றத்தை மாணவர்க்குக் காட்ட விரும்பினால், அதற்குப் புதிதாகச் செய்த மாதிரித் துப்பாக்கிகள் உள்ளன. அவற்றில் வெள்ளையோ பழுப்போ நீலமோ ஏற்றிப் பார்க்கலாம். மூலப் பொருளுக்கு வேண்டியது, துரு மேலும் பரவாமல் தடுக்கும், வேண்டும்போது நீக்கக்கூடிய மெல்லிய மெழுகுப் பூச்சும், உலர்ந்த காற்றும், அடங்கிய கையுமே.

மேனி ஒன்று, உள் வேறு

இறுதியாக, நிறத்தை மட்டும் அறிந்து நிற்றலும் போதாது என்பதற்கு ஒரு சான்று. 1857-இன் எழுச்சியைச் சித்திரிக்கும் படங்கள் பலவற்றில் எழுந்த சிப்பாய்கள் அனைவரும் என்ஃபீல்டு ரைபிளை ஏந்தி நிற்கக் காணலாம். கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதை அந்த ரைபிளோடு பிணைந்திருப்பதால் இம்மயக்கம் நேர்ந்தது. ஆனால் அந்த ரைபிள் அப்போது பயிற்சிக்கென ஒருசில இடங்களுக்கே வந்திருந்தது. சிப்பாய்களில் மிகப் பலர் ஏந்தியவை உட்குழல் வழுவழுப்பான பழைய மாதிரித் துப்பாக்கிகளே. எந்தத் தோட்டாவின் பொருட்டுச் சினந்தெழுந்தனரோ, அதற்குரிய ரைபிள் அவருட் பெரும்பாலோர் கையில் இல்லை. ஓவியர் அதைக் கையில் கொடுத்து, அவர் எவ்வளவு தாழ்ந்த ஆயுதத்தோடு போரிட்டனர் என்பதை மறைத்துவிட்டார்.

எழுச்சி அடங்கிய பின் இந்தியச் சிப்பாய்களுக்கென 1858, 1859 மாதிரிகள் வந்தன. தோற்றத்தில் அவை என்ஃபீல்டே. ஆனால் துளையோ 0.656 அங்குலம், உள்ளே குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் இல்லை. தொலைவில் குறி தவறாது சுடும் ஆற்றல் ஆங்கில வீரனிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் கருத்து. அணிவகுப்பில் இருவர் துப்பாக்கியும் ஒன்றுபோல் தோன்றும். குழலின் வாயில் விளக்கொளி பாய்ச்சி நோக்கியவனுக்கே ஒரு பேரரசின் அச்சம் அங்கே தெரியும்.

ஆகவே நிறத்தை நுணுகி ஆராய்தல் வீண்வேலையன்று, அது முதற்படி. வெள்ளைக் குழலில் வரிசைப் போரின் ஒழுங்கையும் வீரனின் ஓயாத கையுழைப்பையும் காணலாம். பழுப்புக் குழலில் மறைந்து சுடும் புதுப் போரின் தோற்றத்தையும், கருநீலத்தில் தொழிற்கூடத்தின் வளர்ச்சியையும் காணலாம். இவற்றைக் காண வேண்டுமானால், அந்நிறங்கள் எஞ்சியிருக்க வேண்டும். கண்ணுக்கு அழகில்லாத கறையும் தேய்வும் அரைகுறைப் படலமும் ஒரு பழம்பொருளின் குறைகளல்ல, அதன் வாக்குமூலங்கள். வகுப்பில் மாணவன் ஒருவன், "இது ஏன் இப்படி அழுக்காக இருக்கிறது?" என்று கேட்டால், ஆசிரியர் அதைத் துடைத்துக் காட்ட வேண்டாம். அவ்வழுக்கைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.